கயிற்றின் கடைசி ஆள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மூன்று லிஃப்ட். முதலாவதில் எலி. இரண்டாவதில் பட்டனுக்குள் யாரோ ஒட்டி வைத்த சூயிங்கம். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை, கட்டட உரிமையாளருக்கு ஏதோ சத்தம் கேட்கிறதாம். அரை மணி நேரம் அவரோடு மேலும் கீழும் போய் வந்தேன். சத்தம் அவர் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து.

மெஷின் ரூமில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது அக்கா போன்.

"பேப்பர்ல போட்டிருக்கான் பாத்தியா? கேம் ஆடுற பசங்களுக்கு மூளை மரத்துப் போயிடுமாம்."

"நான் பசங்க இல்லக்கா. முப்பத்தேழு."

"அதான் இன்னும் அசிங்கம்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து ஒன்பது வரை நான் ஆடுகிறேன். அவள் அந்த நேரத்தில் டி.வி.யில் யாரோ யாரையோ விஷம் வைத்துக் கொல்வதைப் பார்க்கிறாள். அதற்கு மூளை மரத்துப் போகாது போலிருக்கிறது.

எழுதியே வைக்கிறேன். லிஃப்ட் வேலைக்கு நான் வந்ததே ஒரு கேமால்தான். கேம் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று பதினைந்து வருடமாக 'மெஷின் பிடிக்கும்' என்று சொல்லி வருகிறேன். அதன் பெயர் வாயில் நுழையாது. நானும் அக்காவும் 'கணவாய்' என்று வைத்தோம். எட்டுப் பேர், ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு, பனிமலையைக் கடக்க வேண்டும். முதல் ஆள் நான். தினம் காலையில் கயிற்றைச் சாண் சாணாகத் தடவிப் பார்க்க வேண்டும். அறுபது சாண், அறுபது முறை பட்டன். இரண்டு நிமிடம் ஆகும். பக்கத்திலேயே 'வேண்டாம்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் நேராக நடக்கப் போய்விடலாம். நான் அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. இருபது நாள் ஒன்றும் ஆகவில்லை.

இருபத்தொன்றாம் நாள் கயிறு அறுந்தது. என் பக்கத்தில் இல்லை, கடைசியில். கடைசி ஆள் சமையல்காரர். விளையாட்டு முழுக்க ஒரு புகார் சொல்லாத மனிதர். அலறல் இல்லை, இசை இல்லை. மதியம் சாப்பாட்டு நேரம் வந்தது. அடுப்பு மட்டும் இருந்தது.

பின்னால் போய்ச் சரிசெய்ய வழியே இல்லை. அந்த விளையாட்டு ஒவ்வொன்றையும் அதுபாட்டுக்குப் பதிந்துகொள்ளும்.

பதினாலு வயது எனக்கு. அழுதேன். அப்பா பல்வலி என்று நினைத்து ஒரு கிராம்பு கொண்டுவந்து கொடுத்தார்.

மார்ச் 5, வியாழன்

பச்சைக் கட்டடம். எட்டு மாடி, முப்பத்திரண்டு வீடு, ஒரே லிஃப்ட். வருடாந்திரப் பரிசோதனை. கூட வந்த மெக்கானிக்கை எல்லாரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தம். நான் கையுறை மாட்டுவதற்குள் அவர் வேலையை முடித்திருப்பார்.

மெஷின் ரூமில் நின்று லிஃப்ட்டை மெதுவாக ஓட்டச் சொன்னேன். ரோப் மேல் ஒரு பருத்தித் துணியை லேசாகப் பிடித்தேன். மொத்தம் ஐந்து எஃகு ரோப். முதல் இரண்டில் துணி வழுக்கிக்கொண்டே போயிற்று. மூன்றாவதில் மாட்டிக் கிழிந்தது. நிறுத்தி, டார்ச் அடித்து, எண்ணினேன். ஒரு விரல் நீளத்துக்குள் பதினொரு இழை அறுந்திருந்தது. நான்காவதில் பதினான்கு. பத்தைத் தாண்டினால் மாற்ற வேண்டும் என்று எங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. தடவினால் விரலில் செங்கல் பொடி மாதிரி ஒட்டியது. உள்ளேயிருந்து துருப்பிடிக்கிறது என்று அர்த்தம்.

"அஞ்சு ரோப் இருக்கு. ஒண்ணு போனா நாலு தாங்கும்," என்றார் அவசரம்.

சரி. அதற்கும் ஒரு பதில் லிஃப்ட்டிலேயே உண்டு. ரோப் எல்லாமே போனாலும் கேபினுக்கு அடியில் இரண்டு தாடை இருக்கிறது, தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ள. அதற்கு உத்தரவு போடுகிற கருவியின் பெயர் கவர்னர். வருடம் பூராவும் சும்மா இருப்பார், ஒரே ஒரு நாள் தேவைப்படுவார். கையால் தட்டிவிட்டுப் பார்த்தேன். கவர்னர் உத்தரவு போட்டார். தாடைகள் அசையவே இல்லை. துருவுக்கு மேல் எவனோ பெயின்ட் வேறு அடித்து வைத்திருக்கிறான்.

மெயினை அணைத்தேன். பூட்டுப் போட்டேன். சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டேன். புத்தகத்தில் எழுதினேன்: 'ஓட்டத் தகுதியில்லை.' கையெழுத்து.

அவசரம் என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "உங்க அத்தான் என்ன சொல்லப் போறாரோ."

மார்ச் 6, வெள்ளி

அத்தான் சொன்னார். எங்கள் சர்வீஸ் மேனேஜர் அக்கா வீட்டுக்காரர்தான். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை, இன்று வரை.

"புது ரோப் வர ஆறு வாரம். அதுவரைக்கும் அந்த ஜனங்க என்ன பண்ணும்? சர்டிஃபிகேட் இந்த மாசம் முடியுது. குடுக்கலைன்னா கான்ட்ராக்ட் போகும். நீ சின்னப் பொண்ணு இல்ல. ஒரு கையெழுத்து."

"தாடை கவ்வலை அத்தான்."

"கவ்வ வேண்டிய நாள் வந்தாத்தானே."

"வந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். என் கல்யாணத்தில் பந்தலிலிருந்து பாத்திரம் வரை ஓடியாடிச் செய்தவர். அதனால்தான் எனக்கு எரிச்சல் இன்னும் அதிகமாக வந்தது. கெட்டவர் கேட்டால் 'போடா' என்று வந்துவிடலாம்.

"உனக்கு எதுக்கு இந்தப் பிடிவாதம்?" என்றார்.

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். கணவாய், கயிறு, சமையல்காரர், எல்லாம். அவர் முழுக்கக் கேட்டார். அப்புறம் சிரித்தார். "வீட்ல போய் ரெஸ்ட் எடு," என்றார், காய்ச்சல்காரியிடம் சொல்கிற மாதிரி.

கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 7, சனி

பூட்டை அறுத்துவிட்டார்கள். அவசரம் கையெழுத்து. லிஃப்ட் ஓடுகிறது.

மார்ச் 8, ஞாயிறு

ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். ஆடப் பிடிக்கவில்லை.

இவர் காபி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், எதையும் எழுத்து எழுத்தாகத்தான் வாசிப்பார். "ஒண்ணு கேக்கட்டா? அந்த விளையாட்டுல கயித்த ஒழுங்கா பாத்தா எல்லாரும் பொழைச்சிடுவாங்களா?"

இல்லை. அதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. கயிற்றைச் சரிசெய்ய நின்றால் நாள் போகும், சாப்பாடு குறையும், யாராவது படுத்துவிடுவார்கள். இரண்டாம் தடவை ஆடியபோது எட்டுப் பேரில் குழல் ஊதுகிறவர் படுத்தார். தூக்கிக்கொண்டு போகலாம், வேகம் பாதியாகும். நான் விட்டுவிட்டுப் போனேன். அதற்குப் பிறகு விளையாட்டு முடியும்வரை இசையே இல்லை. ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைத்து, கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டினேன். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது.

"அப்ப நீ லிஃப்ட்ட நிறுத்தினா அங்கேயும் யாராவது படுப்பாங்க," என்றார் இவர்.

"ஆமா."

"தெரிஞ்சுதான் நிறுத்தப் போறியா?"

"ஆமா."

"சரி. காபி ஆறுது."

மார்ச் 9, திங்கள்

காலையிலேயே போய் மறுபடி அணைத்தேன். இந்தத் தடவை ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ரோப்பைப் படம் எடுத்தேன், தாடையைப் படம் எடுத்தேன், கிழிந்த துணியையும் எடுத்தேன். அரசு லிஃப்ட் ஆய்வாளர் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கடிதம் கொடுத்தேன். வாங்கின ஆள் முத்திரை குத்திக்கொண்டே, "பத்துப் பதினஞ்சு நாளாகும்மா," என்றான்.

திரும்பி வந்தால் பச்சைக் கட்டட வாசலில் கூட்டம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கை நீட்டி நீட்டிப் பேசினார். "உங்க கம்பெனியே நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கு. நீ யாரு குறுக்கால? உனக்கும் மேனேஜருக்கும் குடும்பச் சண்டைன்னா அத வீட்ல வெச்சுக்கோ."

கைக்குழந்தையோடு ஒருத்தி, அரிசி மூட்டையோடு ஒருவர். எல்லார் முகத்திலும் என்னைத் தின்றுவிடும் கோபம். படத்தைக் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை. அறுந்த கம்பியைப் பார்த்து யாருக்கு என்ன தெரியும்?

ஏழாம் மாடி ஜன்னலிலிருந்து ஒரு குரல். "ஏம்மா மெக்கானிக்கு! மேல வா!"

டைப் டீச்சர். அறுபத்து நாலு வயது, முன்பு டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தியவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி காலை ஏழரைக்கு டயாலிசிஸ். மகளுக்கு விமானத்தில் வேலை, பாதி நாள் ஊரில் இல்லை. அவர் என் படங்களை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிழை திருத்துகிற மாதிரி.

"நீ சொல்றது நிஜம்னு தெரியுது. நிறுத்தினது சரி. நாளைக்கு என்னை யாரு எறக்குவா?"

வாயில் வந்த பதிலைச் சொல்லிவிட்டேன். "நான்."

மார்ச் 10, செவ்வாய்

நூற்று நாற்பது படி. எண்ணினேன்.

கைப்பிடி வைத்த மர நாற்காலி. இடுப்பில் ஒரு பெல்ட், நெஞ்சில் ஒரு துண்டு. மேலே இவரும் காவலாளியும், கீழே நான் மட்டும். கீழே நிற்பவருக்குத்தான் கனம் முழுக்க. இரண்டாம் மாடியில் நின்று பிடியை மாற்றிக்கொண்டேன். டீச்சர் மேலேயிருந்து, "மெதுவா, மெதுவா, நான் கண்ணாடிச் சாமான்," என்றார். இவர், "எங்க கடைல கண்ணாடி இவ்வளவு கனம் கிடையாது," என்றார். சிரிப்பில் கை நழுவப் பார்த்தது. அப்புறம் யாரும் பேசக்கூடாது என்று சட்டம் போட்டேன்.

மதியம் திரும்ப ஏற்றினோம். ஏற்றுவது வேறு கதை. எழுதக் கை வரவில்லை.

மார்ச் 11, புதன்

விசாரணை. முதலாளி, அத்தான், குறிப்பெடுக்க ஆபீஸ் பெண். முதலாளி முன்னால் ஒரு தாள். அத்தான் எழுதிக் கொடுத்திருப்பார்.

"ஏதோ வீடியோ கேம்ல பாத்தியாமே. அத வெச்சு என் லிஃப்ட்ட நிறுத்துவியா?"

ஆபீஸ் பெண் குனிந்துகொண்டாள், சிரிப்பை அடக்க. அத்தான் ஜன்னலைப் பார்த்தார்.

பதினைந்து வருடம் மறைத்து வைத்தது. வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஏனோ முதுகு நேராயிற்று.

"ஆமா சார். பாக்கணும்னு கத்துக்கிட்டது கேம்ல. பாத்தது உங்க ரோப்ப. பதினாலு இழை. உங்களுக்கு எங்க கத்துக் குடுத்தாங்கன்னு தெரியலை, ஆனா யாரும் இதுவரைக்கும் மேல ஏறிப் பாக்கலை."

"திமிரு."

"மேல ஏறிப் பாத்துட்டுத் திட்டுங்க சார். ஏணி நான் பிடிக்கிறேன்."

தற்காலிக நீக்கம். ஃபியூஸைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். ஆய்வாளர் கேட்டால் அவரிடம் கொடுப்பேன் என்றேன். வேறு ஃபியூஸ் போட்டு ஓட்டலாம், ஐந்து நிமிட வேலை. ஆனால் இனி விபத்து ஏதாவது நடந்தால் ஆய்வாளருக்கு நான் கொடுத்த கடிதத்தில் தேதி இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும். ஓட்ட மாட்டார்கள்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். வேல போச்சு. நிஜமா போச்சு. என்ன பண்ணித் தொலைச்சேன் நான்?

ஐந்து நிமிடம். எழுந்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

இவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. காவலாளி முணுமுணுக்கிறார். செயலாளர் அவரிடம், 'உன் வேலை கேட்டைப் பாக்குறது' என்றாராம்.

டயாலிசிஸ் நான்கு மணி நேரம். நானும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். டீச்சர், "உன் வேலையைத் தின்ன அந்த விளையாட்ட நான் பாக்கணும்," என்றார். விசாரணைக் கதை கட்டடம் பூராவும் பரவிவிட்டது. மடிக்கணினியை அவர் மடியில் வைத்தேன். ஊசி போடாத கை வலது கை. டைப் அடித்த விரல்கள், என்ன வேகம்!

முதல் நாளே, கயிறு தடவுகிற இடத்தில், 'வேண்டாம்' என்பதை அமுக்கினார்.

"டீச்சர்!"

"எனக்கு அவ்வளவு பொறுமை கெடையாதும்மா. நீ சும்மா இரு."

சும்மா இருந்தேன். பத்து நாள் தாண்டினார், பதினைந்து தாண்டினார். இருபத்தொன்று. கயிறு அறுந்தது. மதியம், அடுப்பு.

அடுப்பின் மேல் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். பிறகு கோபம் வந்ததே பார்க்க வேண்டும். "இது என்ன அக்கிரமம்? பாவி, கயிறு நைஞ்சு போச்சுன்னு அந்த ஆளு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?" நர்ஸ் ஓடி வந்து ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று கணினியைப் பிடுங்கிக்கொண்டாள்.

மார்ச் 13, வெள்ளி

கணவாய் ஆடுகிறவர்களுக்கு இணையத்தில் ஒரு அரட்டைத் தளம் இருக்கிறது. பத்து வருடமாக அங்கே இருக்கிறேன், கயிறு முடிச்சுப் போடுவதைத் தவிர எதையும் பேசியதில்லை. இன்று எழுதினேன்: 'இந்த ஊரில் யாராவது இருக்கிறீர்களா? ஏழு மாடி, ஒரு ஆள், வாரம் மூன்று நாள். தூக்க வேண்டும். இது விளையாட்டு இல்லை.'

பைத்தியம் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

மார்ச் 14, சனி

இரண்டு பேர் வந்தார்கள்!

தளத்தில் 'பாறை' என்ற பெயரில் எழுதுகிறவர் மலை மாதிரி ஒரு ஆண் என்று பத்து வருடமாக நினைத்திருந்தேன். என் தோளுக்குக்கூட வராத ஒரு பெண். கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. நாற்காலியைப் பார்த்தாள், பிடியைப் பார்த்தாள், "நீ மேல போ, கீழ நான்," என்றாள். அவ்வளவுதான் பேச்சு. இன்னொருவர் 'கொக்கு'. வங்கிக் குமாஸ்தா. பெயருக்கு ஏற்ற உடம்பு, காற்றடித்தால் பறந்துவிடுவார். பையைத் தூக்கிக்கொண்டு படியை எண்ணினார்.

"நீங்க ஏன் வந்தீங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"நான் ஒம்பது தடவை முடிச்சிருக்கேன். ஒரு தடவைகூட யாரையும் தூக்கலை. தூக்கினா நேரம் போகும், ஸ்கோர் கொறையும்," என்றார். பிறகு, "அது ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு," என்றார்.

டீச்சர் கேட்டார், "குழல் ஊதுறவன் கயித்துல எத்தனாவது ஆளு? அன்னிக்கு ஆடினப்ப என் கண்ணுல படலையே." இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். படியில் நாற்காலியோடு நின்று பத்து நிமிடம் விவாதம்.

மார்ச் 17, செவ்வாய்

அக்கா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவரு தூங்கி ஒரு வாரம் ஆச்சு. மொதலாளி தினம் கூப்ட்டுத் திட்டுறாரு. ஒன்ன வேலைக்குச் சேத்த பாவத்துக்கு!"

"அக்கா, அந்த தாடை..."

"தாடையாவது மயிராவது! ஒரு பொம்ம வெளையாட்டுக்காக என் குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்துறியே, நீ மனுஷிதானா? நானும்தான் ஆடினேன் அந்த எழவ. நான் பைத்தியம் ஆகலையே!"

"நீ சமையல்காரர் செத்ததும் கம்ப்யூட்டர அணைச்சுட்டுப் போய்ட்ட. நான் அப்புறமும் ஆடினேன்."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவள் முகம் சுண்டிப் போயிற்று. "இனிமே எனக்குத் தங்கச்சி இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு திறந்தே கிடந்தது. இவர் எழுந்து போய் மூடினார்.

அக்கா... நீ இருந்தாத்தான் எனக்கு எல்லாம். அதுக்காகக் கையெழுத்துப் போட முடியாதுக்கா. முடியாது.

மார்ச் 19, வியாழன்

இது நடக்கக் கூடாது என்றுதான் ஒவ்வொரு படியிலும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காவலாளி இன்று வரவில்லை. மேலே நானும் கொக்கும். நான்காம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் அவர் செருப்பு வழுக்கியது. நாற்காலி சாய்ந்தது. பாறை கீழே தோளைக் கொடுத்து நிறுத்திவிட்டாள், இல்லையென்றால் என்ன ஆகியிருக்குமோ. டீச்சரின் இடது முழங்கை சுவரில் மோதியது. எலும்பில் விரிசல். நல்லவேளை, ஊசி போடுகிற இடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

கொக்கு மருத்துவமனை வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுதார். செயலாளர் வந்தார், டீச்சரின் கைக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்ப சந்தோஷமா?"

 நான் லிஃப்ட்டை நிறுத்தாமல் இருந்திருந்தால் இந்தக் கை உடைந்திருக்காது. இது உண்மை. யார் கேட்டாலும் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் டீச்சரிடம், "மகள் வந்ததும் ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு அறை பார்க்கலாமா?" என்றேன்.

"எதுக்கு? நீங்க தூக்கிக் களைச்சுட்டீங்களா?"

"இல்ல டீச்சர். பயமா இருக்கு."

"எனக்கும்தான். சனிக்கிழமை அந்த வங்கிக்காரனுக்கு நல்ல ஷூ வாங்கிப் போட்டுட்டு வரச் சொல்லு."

மார்ச் 21, சனி

ஷூ. நூற்று நாற்பது படி. ஒன்றும் ஆகவில்லை. கைக்குழந்தைக்காரியின் கணவன் ஐந்தாம் மாடியில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசாமல் வந்து ஒரு காலைப் பிடித்தான், நாற்காலியின் காலை.

மார்ச் 24, செவ்வாய்

ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயதுப் பெண், ஆண்கள் சட்டை, சிரிக்காத முகம். அத்தான், அவசரம், செயலாளர், நான் எல்லோரும் மெஷின் ரூமில் நெருக்கியடித்து நின்றோம். ஃபியூஸைக் கொடுத்தேன்.

அவரும் துணியைத்தான் எடுத்தார். மூன்றாவது ரோப்பில் கிழிந்தது. நான்காவதில் நிறுத்தி, கண்ணாடி வைத்து எண்ணினார். உதடு மட்டும் அசைந்தது. நானும் கூடவே மனசுக்குள் எண்ணினேன். பத்து. பதினொன்று. பதினாறில் நின்றார். பூட்டை அறுத்து ஓட்டிய ஒன்றரை நாளில் இன்னும் இரண்டு.

கவர்னரைத் தட்டிவிட்டார். தாடை அசையவில்லை. திரும்பத் தட்டினார். அசையவில்லை.

"இது ரெண்டாவது அறிக்கை. 'அனைத்தும் சரி'ன்னு போட்டிருக்கு. யாரோட கையெழுத்து?"

அவசரம் தொண்டையைச் செருமினார். பொய் சொல்வார் என்று நினைத்தேன், சொன்னால் குறை சொல்லவும் முடியாது, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். "என்னோடதுதான் மேடம். நான் பாக்கலை. பாக்காமத்தான் போட்டேன். போடச் சொன்னாங்க."

"யாரு?"

அவசரம் தரையைப் பார்த்தார். அத்தான் தாமாகவே, மெதுவாக, "நான்தான்," என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக அத்தானை இன்னும் எனக்குப் பிடிக்கிறது.

லிஃப்ட்டுக்கு அரசு சீல். புது ரோப், புது தாடை, ஐந்து வாரக் கெடு. செயலாளர் படியிறங்கும்போது எனக்கு முன்னால் நடந்தார். திரும்பவில்லை. ஆனால் ஐந்தாம் மாடியில் நின்று, "வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். "ஆறரை," என்றேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

தபாலில் வந்தது. பணிநீக்கம். 'ஒழுங்கீனம், கம்பெனிச் சொத்தை அனுமதியின்றி எடுத்துச் சென்றது.' ஒரு ஃபியூஸ்.

நான் சொன்னது சரி என்று அரசே எழுதிக் கொடுத்த பிறகும். இவர் படித்துவிட்டு, "கண்ணாடிச் சட்டம் போட்டு சுவத்துல மாட்டலாமா?" என்றார். மாட்டலாம். கண்ணில் படுகிற இடத்தில்.

ஏப்ரல் 16, வியாழன்

இப்போது தூக்க எட்டுப் பேர் முறை போட்டு வருகிறார்கள். டீச்சர் ஒற்றைக் கையால் பாதி மலை ஏறிவிட்டார். தினமும் அறுபது சாண், ஒன்றைக்கூட விடுவதில்லை. நர்ஸைக்கூட எண்ணச் சொல்கிறார்.

ஏப்ரல் 28, செவ்வாய்

புது ரோப்பில் லிஃப்ட் ஓடியது. டீச்சர் முதல் ஆளாக ஏறினார். "ரொம்ப சீக்கிரம் வந்துடுச்சே," என்று கீழே இறங்கும்போது ஒரு மாதிரி ஏமாற்றமாகச் சொன்னார்.

சங்கம் என்னை வெளி ஆளாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துச் சொல்லக் கேட்டிருக்கிறது. அந்தத் தெருவில் இன்னும் மூன்று கட்டடமும் கேட்டிருக்கின்றன. முன்பு வாங்கியதில் பாதி வராது. ஆனால் யாரும் கையெழுத்துக் கேட்க மாட்டார்கள், கேட்டால் கிடைக்காது என்று ஊருக்கே தெரியும்.

பாறை மட்டும் இன்றும் ஆறரைக்கு வந்து வாசலில் நின்றிருந்தாள். எல்லாரும் அவளுக்குச் சொல்ல மறந்துவிட்டோம். அவளும் டீச்சரும் நானும் டீ குடித்தோம்.

மே 10, ஞாயிறு

ஏழிலிருந்து ஒன்பது. ஆடினேன். குழல் ஊதுகிறவரைத் தூக்கிக்கொண்டு போனேன். கணவாய்க்கு ஒரு நாள் முன்னால் செத்துப்போனார். தூக்கினாலும் சாவார் என்று தெரியாமல் போயிற்று இத்தனை வருடம். இசை கடைசி முகாம் வரை இருந்தது.

மே 24, ஞாயிறு

மதியம் ஒரு மணி. அக்கா போன். இரண்டு மாதத்தில் முதல் தடவை.

"சாப்ட்டியா?" என்றாள்.

"சாப்ட்டேன்."

 பின்னால் குக்கர் சத்தம். மூச்சு வாங்குவது கேட்டது.

"ஏன்க்கா மூச்சு வாங்குது?"

"படியேறி வந்தேன். எங்க கட்டடத்து லிஃப்ட்டு நேத்துல இருந்து தரைக்கு ஒரு சாண் கீழ நிக்குது. ஒங்கத்தான் அத ஒண்ணுமில்லைங்கறாரு. போன வாரம் அவருதான் கையெழுத்துப் போட்டாராம்."

பையிலிருந்து டார்ச்சை எடுத்து அழுத்திப் பார்த்தேன், எரியவில்லை.

"நீ ஒரு தடவ வந்து பாத்துடு. நீ பாக்கற வரைக்கும் நான் ஏறலை."

நாளை காலை எட்டு மணிக்குப் போகிறேன். டார்ச்சுக்கு பேட்டரி மாற்ற வேண்டும், ஒரு பழைய பருத்தித் துணி எடுத்து வைக்க வேண்டும்.